எனக்குக் கவனம் வரவில்லை

சென்ற வாரம் துறைத் தாழ்வாரத்தில் இளைய மாணவி ஒருத்தி என்னைத் தனியே அழைத்தாள். அவளுடைய தகுதித் தேர்வுக்கு இன்னும் 10 நாள்களே இருந்தன. “அக்கா, நீங்கள் போடும் அந்த மாத்திரையில் இரண்டு கிடைக்குமா? தேர்வுக்கு மட்டும்” என்றாள். “தரக்கூடாது” என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டேன். அன்றிரவு அத்திபெலே திரும்பும் பேருந்தில் அந்த ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. அவள் கேட்டது தவறுதான். ஆனால் அந்த மாத்திரையைப் பற்றி அவள் அறிந்ததெல்லாம் வதந்தி. அதை உட்கொள்ளும் நான் அதைப் பற்றி எவரிடமும் வாய் திறக்காததும் அந்த வதந்திக்கு ஒரு காரணம். அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்துக்கொள்வது மெத்தில்ஃபெனிடேட். ஏடிஎச்டி என்னும் கவனச் சிக்கலுக்கும், பட்டப்பகலில் தூக்கம் வந்து ஆளைச் சாய்க்கும் நார்கோலெப்சி என்னும் நோய்க்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்து அது. 2 ஆண்டுகளாக மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்கிறேன். இந்த வகை மருந்துகளுக்குத் தமிழில் ‘ஊக்கமருந்து’ என்று பெயர். அந்தச் சொல்லை நாம் பெரும்பாலும் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில்தான் காண்கிறோம்: ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார், பதக்கம் பறிக்கப்பட்டது, ஈராண்டுத் தடை. நோயின் பெயரோ ‘கவனக்குறைவு’. அது விபத்துச் செய்தியில் வரும் சொல்: ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம். ஆக, என் நோய்க்கும் என் மருந்துக்கும் தமிழில் கிடைத்த இரு பெயர்களும் குற்றப்பத்திரிகையிலிருந்து எடுத்தவை. மொழியியல் படித்த எனக்கே இது உறைக்க நெடுநாள் ஆயிற்று.

அத்திபெலே கர்நாடகத்தின் எல்லையூர். சுங்கச்சாவடியைக் கடந்து சிறிது தூரம் போனால் தமிழ்நாட்டின் ஜூஜுவாடி; அதையடுத்து ஓசூர். இங்கே நான் குடியிருப்பதற்கு வாடகை ஒரு காரணம். ஆய்வு மற்றொரு காரணம். தேநீர்க் கடையில் கன்னடத்தில் தொடங்கிய வாக்கியம் தமிழில் திரும்பித் தெலுங்கில் முடிவதை இவ்வூரில் நாள்தோறும் கேட்கலாம். எல்லைப்புறப் பேச்சில் நான்காம் வேற்றுமை எவ்வாறு வழங்குகிறது என்பதே என் ஆய்வுப் பொருள்.

அதற்காக 2022 கோடையில், ஆனேக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு பாட்டியின் பேச்சைப் பதிவு செய்தேன். வயது எண்பதுக்கு மேல். பிறந்த வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், மருமகளிடம் தமிழ். 11 மணி நேரப் பதிவு. ஆய்வாளருக்கு அது புதையல். ஆனால் பதிவு செய்வது பணியின் சிறு பகுதியே. கேட்டுக் கேட்டு எழுத்தில் பெயர்க்க வேண்டும். 10 நிமிடப் பேச்சுக்கு ஒரு முழு முற்பகல் போகும். விளங்காத சொல்லைக் குறித்துக்கொண்டு பேசியவரிடமே திரும்பச் சென்று கேட்க வேண்டும். நான் காதொலிக் கருவியை மாட்டுவேன். 40 நொடி கேட்பேன். பிறகு ஒரு சொல்லின் வேரைத் தேடுவேன். அந்தத் தேடல் இன்னொரு கட்டுரைக்கு இழுத்துச் செல்லும். மாலையில் பார்த்தால் 20 பக்கங்கள் திறந்திருக்கும், பதிவில் இன்னமும் அதே 40 நொடி. இப்படியே ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. 2023இல் பாட்டி இறந்துபோனார். நான் திரும்பச் செல்லவே இல்லை.

சோம்பேறி என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். அது எனக்குப் பழகிய ஏச்சு. ஆனால் சோம்பேறி ஓய்வெடுப்பான், நான் ஓய்வெடுத்ததில்லை. இரவு 2 மணி வரை மேசையில்தான் இருந்தேன்.

அந்த ஆண்டின் இறுதியில் நிம்ஹான்ஸ் செல்ல முடிவு செய்தேன். அத்திபெலேயில் ஏறினால் போதும். ஓசூர் சாலையிலேயே சந்தாபுரா, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு எல்லாம் தாண்டி அதன் வாயிலுக்குப் போய்விடலாம். பெங்களூரில் ஒருவரைப் பைத்தியம் என்று கேலி பேச அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். முதல் முறை நான் இறங்கவில்லை. மார்க்கெட் வரை சென்று திரும்பினேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாள், தம் மகனை அழைத்துக்கொண்டு அங்கேயே இறங்கினார். அவர் பின்னாலேயே நானும் இறங்கிவிட்டேன்.

வயது வந்தோருக்கு இந்நோயை உறுதி செய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. 2013இல் வெளிவந்த அமெரிக்க உளநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே பள்ளிக்கால மதிப்பெண் அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா தருமபுரியிலிருந்து அனுப்பினார். நான்காம் வகுப்பு அட்டையில் சிவப்பு மையில் ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார்: “புத்திசாலி. கவனக்குறைவு அதிகம்.” ஐந்தாம் வகுப்பிலும் ஏறத்தாழ அதே வரி. அன்று அந்த வரிக்காக வீட்டில் அடி வாங்கினேன். 18 ஆண்டுகள் கழித்து அதே வரியை மருத்துவர் அமைதியாகப் படித்துத் தம் குறிப்பில் சான்றாக எழுதிக்கொண்டார். ஓடியாடாமல், சன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கும் பெண் குழந்தைகளுக்கு இந்நோய் இருப்பது தெரியாமலே போய்விடுவது உலகெங்கும் வழக்கம் என்றும் சொன்னார்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். தமிழில் பசி, குளிர், காய்ச்சல், தூக்கம், கோபம் இவையெல்லாம் நமக்கு நேர்பவை. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது’, ‘எனக்குத் தூக்கம் வருகிறது’. அனுபவிப்பவர் எழுவாயாக வராமல், குவ்வுருபேற்று நிற்கிறார். கன்னடத்தார் ‘நனகெ நித்தெ பருத்தெ’ என்பர். தெலுங்கர் ‘நாகு நித்ர வஸ்துந்தி’ என்பர். இது தெற்காசிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அமைப்பு. காலின் மசிகா 1976இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆனால் கவனம் என்று வந்துவிட்டால் இலக்கணம் மாறிவிடுகிறது. ‘நீ கவனிக்கவில்லை’. இங்கே ‘நீ’ எழுவாய், வினைக்கு முழுப்பொறுப்பாளி. ‘எனக்குக் கவனம் வரவில்லை’ என்று ஒரு குழந்தை வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள், அல்லது அடிப்பார்கள். சில வட்டாரங்களில் கவனம் வருதல் என்றால் நினைவு வருதல்; நான் சொல்வது அதுவன்று. ஆசிரியர் பேசிக்கொண்டிருக்க, செவி திறந்திருக்க, கருத்து மட்டும் வராமல் நிற்கும் நிலையைச் சொல்கிறேன். அதற்கு நம்மிடம் நான்காம் வேற்றுமை வாக்கியம் இல்லை.

கன்னடத்தில் கவனத்துக்குச் சொல் ‘கமன’. வடமொழியில் அதற்குச் செல்லுதல் என்று பொருள். நாமும் கவனத்தைச் ‘செலுத்துகிறோம்’. செல் என்பதன் பிறவினை செலுத்து. கவனம் தானே செல்லக்கூடியது, அதை ஒருவர் வேண்டிய திசையில் செலுத்த முடியும் என்னும் நம்பிக்கை இரு மொழியிலும் இருக்கிறது. என்னிடம் இருந்தது செல் மட்டும்தான்.

மருந்து அந்தப் பிறவினையைத் தந்தது என்று சொல்வேன். வேதியியல் மொழியில் சொன்னால், மூளை நரம்பணுக்களிடையே டோபமின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டும் சுரந்தவுடன் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. அவை சற்றுக் கூடுதல் நேரம் நின்று பணியாற்றுகின்றன. 1944இல் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் லியாண்ட்ரோ பனிசோன் இதைத் தயாரித்தார். ரீட்டா என்று அழைக்கப்பட்ட தம் மனைவியின் பெயரால் அது ‘ரிட்டலின்’ ஆயிற்று. அதற்கும் முன்னே, 1937இல், அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சார்லஸ் பிராட்லி, ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்த பென்சிட்ரினை 30 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஏறத்தாழப் பாதிப் பேரின் பள்ளிப் படிப்பு வியக்கத்தக்க அளவில் சீரடைந்தது. குழந்தைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். பெரியவர்கள் வைத்த எந்தப் பெயரையும்விட அதில் வசை குறைவு.

பலரும் நினைப்பதுபோல் முதல் மாத்திரையில் மின்னல் அடிக்கவில்லை. சில நாள் கழித்துப் பேருந்தில் ஒரு கட்டுரையைப் படித்து முடித்தேன். தொடங்கிய கட்டுரை, முடிந்தும்விட்டது. எலெக்ட்ரானிக் சிட்டிகூட வரவில்லை. அவ்வளவுதான். மற்றவர்களுக்கு நாள்தோறும் இப்படித்தான் இருக்குமா என்று நினைத்து அழுதேன்.

விலையும் உண்டு. நண்பகலில் பசி அறவே போய்விடும். நினைவு வைத்து உண்ண வேண்டும். தொடக்கத்தில் நெஞ்சு படபடத்தது. இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் பார்த்துத்தான் மருத்துவர் அளவை மாற்றுகிறார். மாலையில் மருந்து இறங்கும்போது எரிச்சல் வரும். அந்த ஒரு மணி நேரம் அம்மாவின் அழைப்பை எடுப்பதில்லை. எதில் கவனம் செலுத்துவது என்பதையும் அது முடிவு செய்து தராது. ஒரு நாள் காலை முழுவதும் நூற்பட்டியலை அகரவரிசைப்படுத்துவதில் மிகுந்த ஒருமுகத்தோடு வீணடித்தேன். மருந்தோடு நேர அட்டவணை, கைப்பேசி அலாரம், சீரான உறக்கம் எல்லாம் வேண்டியிருக்கின்றன. புத்தியை அது கூட்டவில்லை. என் பழைய கட்டுரைகளில் இருந்த பிழைகள் புதிய கட்டுரைகளிலும் இருப்பதாக நெறியாளர் சொல்கிறார்.

இனி இது கிடைக்கும் வழி. அத்திபெலேயில் மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. நான் கேட்டவற்றில் எதிலும் இது இல்லை. மெத்தில்ஃபெனிடேட், 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘எக்ஸ்’ அட்டவணையில் இருக்கிறது. விற்கத் தனி உரிமம் வேண்டும். மருத்துவச் சீட்டு இரண்டு படிகளில் இருக்க வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் காப்பார். பூட்டிய இழுப்பறையிலோ, பொறுப்பானவர் மட்டும் நுழையும் தனிப் பகுதியிலோ வைக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலும் இதன் பெயர் உண்டு. அமெரிக்கப் படங்களில் மாணவர்கள் விழுங்கும் ஆட்டரால் இந்தியாவில் விற்கப்படுவதே இல்லை. இந்தக் கட்டுப்பாட்டை நான் குறை கூறவில்லை; தவறாகப் பயன்படுத்தினால் அடிமைப்படுத்தக்கூடிய மருந்து. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தேதி நினைவில் வைப்பதும், தாள்களைத் தொலைக்காமல் காப்பதும், வரிசையில் நிற்பதும் எவருக்கு முடியாதோ, அவருக்கான மருந்துக்கு மாதந்தோறும் இரு படிச் சீட்டு, தப்பாத தேதி, நீண்ட பயணம். இரண்டு முறை சீட்டைப் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். ஒரு மாதம் கடையில் சரக்கு இல்லாமல் 9 நாள் மருந்தின்றி இருந்தேன். அந்த 9 நாளில் பழைய நான் முழுவதுமாகத் திரும்பி வந்தேன்.

என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்பவள் பொம்மசந்திராத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு நார்கோலெப்சி. பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ 1880இல் பெயரிட்ட நோய். மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஓரெக்சின் என்னும் பொருள் 1998இல்தான் கண்டறியப்பட்டது. நார்கோலெப்சி நோயாளிகள் பலருக்கு அதைச் சுரக்கும் அணுக்கள் அழிந்துபோயிருப்பது 2000இல் தெரிந்தது. இவ்வளவு தெளிவான உடற்காரணம் இருந்தும் அவளுக்கு வேலையிடத்தில் கிடைத்த பெயர் ‘தூங்குமூஞ்சி’. அவள் சொல்வது ‘எனக்குத் தூக்கம் வந்துவிட்டது’. அவளுக்குக் கொடுத்த விளக்கம் கேட்கும் கடிதத்தில் இருந்தது ‘நீ தூங்கினாய்’. நான்காம் வேற்றுமை இருந்தும் அவளுக்குப் பயன்படவில்லை. இப்போது மோடஃபினில் எடுத்துக்கொள்கிறாள். அது எக்ஸ் அட்டவணையில் இல்லை, ஆகவே சீட்டைக் காட்டி எளிதில் வாங்கிவிடுகிறாள். தனக்கு அது போதாமற்போனால் என்னுடைய மருந்துக்கு மாற்றுவதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றாள். “அப்போது இருவரும் சேர்ந்தே பேருந்து ஏறலாம்” என்று சிரித்தாள்.

வீட்டில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். அப்பா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “கஷ்டப்பட்டுப் படிச்சா வராதா கண்ணு? மாத்திரை போட்டுத்தான் பட்டம் வாங்கணுமா?” என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை, வெட்கப்பட்டுக் கேட்டார். அவதானக் கலையைப் போற்றும் பண்பாடு நம்முடையது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செய்திகளை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திக் காட்டியதைப் பாடத்தில் படித்து வளர்ந்தோம். ஒருமுகம் என்பது நமக்குத் தவம், ஒழுக்கம், ஆன்ம வலிமை. அது ஒரு மாத்திரையில் சிறிதேனும் அகப்படும் என்றால், அத்தனை நாள் நாம் போற்றியது என்ன என்ற அச்சம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. மூக்குக்கண்ணாடி உவமையைச் சொல்லித் தப்பிக்கலாம். அப்பா கண்ணாடி அணிபவர். ஆனால் கண்ணாடி என் விருப்பங்களையும் முயற்சியையும் தொடுவதில்லை. இது தொடுகிறது. இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லித்தான் மருந்தை ஏற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்நோய் பெரிதும் மரபுவழி வருவது. அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை, அம்மா சொல்லிவிட்டார். அப்பா ஐந்து தொழில் தொடங்கி ஐந்தையும் பாதியில் விட்டவர். ‘பொறுப்பில்லாதவன்’ என்று தாத்தா சாகும்வரை சொன்னார். அப்பாவுக்கு நோய்ப்பெயர் சூட்ட எனக்கு உரிமை இல்லை. அது மருத்துவரின் வேலை. ஆனால் சென்ற பொங்கலுக்கு அவர் என்னை ஓசூரில் பேருந்து ஏற்றிவிட வந்தபோது, “அந்த மாத்திரை போட்டா எப்படி இருக்கும்?” என்று கேட்டார். “ஒரு வேலையைத் தொடங்கினா அது முடியுதுப்பா” என்றேன். “ஓ” என்றார். பேருந்து கிளம்பும்வரை அங்கேயே நின்றார்.

பாட்டியின் பதிவை 7 மாதத்தில் எழுதி முடித்தேன். விளங்காத சொற்கள் 23 இருக்கின்றன. இனிக் கேட்பதற்கு ஆள் இல்லை. ஆய்வேட்டில் அவற்றைக் கேள்விக்குறியோடே தருகிறேன். அப்பதிவின் ஆறாம் மணி நேரத்தில் பாட்டி தம் கணவர் இறந்த நாளைப் பற்றிப் பேசுகிறார். நடுநடுவே என் குரல் ‘ம்’ கொட்டுகிறது, பொருந்தாத இடங்களில். ஓரிடத்தில் பாட்டி பேச்சை நிறுத்தி, “கேக்கறயா தாயி?” என்கிறார். “கேட்கிறேன் பாட்டி, சொல்லுங்கள்” என்கிறது என் குரல். நான் கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. இரண்டாண்டு கழித்துக் காதொலிக் கருவியில்தான் அதை முதன்முதலாகக் கேட்டேன்.

தங்கைக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். என் மாத்திரையை உனக்குத் தருவது சட்டப்படி குற்றம். உன் நெஞ்சின் நிலை தெரியாமல் தருவது அதைவிடத் தவறு. தேர்வுக்காக மட்டும் வேண்டுமென்றால், உறங்கி எழுந்து எழுது, அது போதும். ஆனால் உனக்கும் சிறு வயது முதல் இப்படித்தான் என்றால், மதிப்பெண் அட்டைகளைத் தேடி எடுத்து வை. அடுத்த மாதம் முதல் வாரம் நான் மருந்து வாங்கப் போகிறேன். காலை 7 மணிக்கு அத்திபெலே நிறுத்தத்தில் இருப்பேன். வருவதானால் முன்னிரவே சொல்லிவிடு. வாயிலில் இறங்க மனம் வராவிட்டால் மார்க்கெட் வரை போய்த் திரும்புவோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.